உத்தரத்திலிருந்து ஒரு மல்லாரி

ஸ்ரீரங்கத்தில் வீதிகளுக்குப் பஞ்சமில்லை. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கலாம். ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்களை மனிதர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டுப் பெருமாள் உள்ளே படுத்திருக்கிறார். அவர் வீட்டு மதிலுக்குள்ளேயே நமக்கும் ஜாகை! வேறு எந்த ஊரில் கிடைக்கும் இந்த பாக்கியம்?

அந்த வீதிகளில் இப்போது நடந்து போனால், அங்கங்கே ஒரு வீடு முகப்பை இழந்து, வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் காணலாம். திண்ணை போய்விட்டிருக்கும். ரேழி இருந்த இடத்தில் செங்கல் குவியல். முற்றத்தைச் சுற்றி நின்ற தூண்கள் தெருவோரத்தில் வரிசையாகப் படுத்திருக்கும், ஏதோ சிரம பரிகாரம் செய்துகொள்வதைப் போல. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பாகம் பிரிக்க வேண்டும். ஒழுகுகிற ஓட்டுக்கு வருஷா வருஷம் யார் செலவு செய்வது? இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பினால் ஆளுக்கொரு வீடு ஆயிற்று. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மூன்று கட்டு வீட்டைத் தினம் பெருக்கித் துடைத்தவர்களுக்குத்தான் அதன் அருமையும் தெரியும், அவஸ்தையும் தெரியும்.

ஆனால் அந்தத் தூண்கள் எங்கே போகின்றன? நான் சொல்ல வந்த கதை அதுதான்.

கதவும் நிலையும் ஜன்னலும் பழைய சாமான் வியாபாரிகளிடம் போகும். அவற்றில் பர்மாத் தேக்கு இருந்தால் மெருகேற்றி, எங்கோ ஒரு ஓட்டலின் வாசலில் ‘பாரம்பரியம்’ என்று நிறுத்திவிடுவார்கள். (தாத்தா வீட்டுக் கதவை விற்றுவிட்டு, அதே கதவைப் பார்த்துக்கொண்டே இட்லி தின்ன நாம் காசு கொடுக்கிறோம், அது கிடக்கட்டும்.) உளுத்ததும் உடைந்ததும் அடுப்புக்குப் போகும். இந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஒரு தூண், அல்லது ஓர் உத்தரம், மற்றவற்றைப் போல இல்லாமல் இருக்கும். கறுப்புக் கலந்த சிவப்பு. இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தண்ணீரில் போட்டால் மிதக்காது, கல்லைப் போல அடியில் போய் உட்காரும்.

அதன் பெயர் ஆச்சா.

எல்லா வீட்டிலும் ஆச்சா இருக்காது. இருக்கிற வீட்டுக்காரருக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆச்சா மரத்தில்தான் நாகஸ்வரம் செய்வது. அதுவும் நேற்று வெட்டிய ஆச்சா உதவாது; எழுபது, எண்பது, நூறு வருஷம் ஒரு வீட்டைத் தாங்கி நின்ற ஆச்சாவாக இருக்க வேண்டும்!

* * *

திருச்சியிலிருந்து காவிரியோடு கிழக்கே போனால் தஞ்சாவூர், கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை. ரயில் பாதையில் ஆடுதுறைக்கு அடுத்தது நரசிங்கம்பேட்டை. சின்ன ஊர். பக்கத்திலேயே திருவாவடுதுறை. தமிழ்நாட்டில் நல்ல நாகஸ்வரம் வேண்டுமென்றால் வித்வான்கள் தலைமுறை தலைமுறையாக வந்து நிற்கிற வாசல் இந்த நரசிங்கம்பேட்டை ஆச்சாரிகளுடைய வாசல். குழல் இங்கே, சீவாளி திருவாவடுதுறையில் என்று இரண்டு ஊரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் ‘நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் செய்துவிட்டு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது.

வாத்தியத்தைப் பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். நீண்ட குழலுக்கு உலவு என்று பெயர். அடியில் விரிந்திருப்பது அணசு. உச்சியில் கெண்டை என்ற சிறு உலோகக் குழாய், அதில் செருகிய சீவாளி. விரல் வைக்க ஏழு துளைகள். அதற்குக் கீழே விரல் வைக்காத ஐந்து துளைகள். இந்த ஐந்தையும் மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிக்கட்டுவார்கள்.

ஆனால் உலவின் உள்ளே இருக்கிறது சூட்சுமம். மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் கூம்பு வடிவத் துவாரம் அது. வேறு வேறு தடிமனுள்ள துளைக்கம்பிகளைக் கொண்டு படிப்படியாகக் குடைந்து, கடைசல் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு நூல் பிசகினால் காந்தாரம் ஒரு பக்கம் இழுக்கும், பஞ்சமம் ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் அது நாகஸ்வரம் அல்ல, கல்யாண வீட்டுச் சண்டை.

இத்தனை நுணுக்கமாகக் குடைந்த குழல் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். வித்வான் வாயில் வைத்ததும் உள்ளே ஈரம். இரண்டு மணி நேரம் சூடான மூச்சு. பிறகு உறையில் போட்டு மூட்டை கட்டிவிடுகிறார். மார்கழிப் பனியில் திருமஞ்சன ஊர்வலம், சித்திரை வெயிலில் தேர். நனைவதும் காய்வதும், நனைவதும் காய்வதுமாக வருஷங்கள் போகின்றன. புது மரமாயிருந்தால் அதற்குள் மிச்சமிருக்கும் ஈரம் தன் இஷ்டத்துக்கு வெளியேறும். மரம் சுருங்கும், முறுக்கும், சமயத்தில் ‘படக்’கென்று வெடிக்கும். உட்துவாரம் கோணிவிட்டால் சுருதிக்கு எங்கே போவது?

ஒரு வீட்டு உத்தரமாக நூறு வருஷம் இருந்த ஆச்சாவோ இந்தச் சேஷ்டைகளையெல்லாம் முன்பே முடித்துவிட்டது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியாயிற்று. முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கியாயிற்று. கூடத்து அடுப்புப் புகையும் முற்றத்து மழைச் சாரலும் எத்தனையோ பார்த்தாகிவிட்டது. வயதான மாமியார் மாதிரி, இனி அது யாருக்காகவும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது!

ஆகவே ஆச்சாரிகள் வீடு இடிபடுகிற சேதிக்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். ஒருவருக்கு வீடு போகிறது. இன்னொருவருக்கு வாத்தியம் வருகிறது.

* * *

முன்காலத்து நாகஸ்வரம் திமிரி. குட்டையான குழல். சுருதி நாலரை, ஐந்து கட்டை. ஊர்க்கோடியில் வாசித்தால் இந்தக் கோடியில் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று ஏழு வீதிக்கும் சொல்வதற்கு அப்படித்தான் வேண்டியிருந்தது. கச்சேரி மேடையில் உட்கார்ந்து நிதானமாக ராகம் ஆலாபனை செய்ய அது சற்றுத் தூக்கல். போதாதற்கு, பழைய குழலில் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசுவது கஷ்டம். உதட்டையும் மூச்சையும் கொண்டு சாகசம் செய்துதான் வரவழைக்க வேண்டும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு இது போதவில்லை. அவர் தோடியை மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டவர் அல்லவா? அவருக்குச் சுருதி இறங்க வேண்டும், நாதம் கனக்க வேண்டும், சுத்த மத்யமம் நினைத்தபோது வர வேண்டும். பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆச்சாரி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு வாக்கில், சுத்த மத்யமம் சரியாகப் பேசுகிற நீண்ட பாரி நாகஸ்வரம் அவர் பட்டறையில் உருவாயிற்று. இரண்டு, இரண்டரை கட்டைச் சுருதியில் கம்பீரமாக ஒலிப்பது அது. ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் காலமாகிவிட்டார். புதுக் குழலை அவர் அனுபவித்தது கொஞ்ச காலந்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அனைவரும் அவர் கேட்டு வாங்கியதை அனுபவிக்கிறார்கள்.

இதில் மரத்துக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? குழல் நீண்டால் கோணுவதற்கு இடமும் நீளுகிறது. குட்டைக் குழலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு வளைவு நீளக் குழலில் குடியைக் கெடுத்துவிடும். பாரிக்கு வெடிப்பில்லாத, முடிச்சில்லாத நீண்ட ஆச்சா வேண்டும். அது காட்டில் கிடைப்பதைவிடப் பழைய கூடத்தில் கிடைப்பதுதான் நிச்சயம்.

இந்த வாத்தியம் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பெரிய மனிதரையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆந்திரத்தில் கரவதி என்ற ஊரில் 1924-ல் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்க நாச்சியார்கோயிலுக்கு வந்தார். 1960-களில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். அங்கே ஒரு சங்கீத ஆசிரமம் நிறுவி மாணவர்களுக்குக் கற்பித்தார். 1998-ல் சங்கீத கலாநிதி. மறு வருஷம் மறைவு. ரங்கநாதரிடம் அவருக்கிருந்த பக்தி ஊரறிந்தது. மதிலுக்குள் ஜாகை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்த பாக்கியத்துக்கு நாகஸ்வரம் ஒன்றே அவருக்குச் சிபாரிசுக் கடிதமாக இருந்தது.

ஸ்ரீரங்கத்தைப் பேசிவிட்டு வீணையைச் சொல்லாமல் விட்டால் பெருமாள் கோபித்துக்கொள்வார். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் நடு இரவில் மூலஸ்தானத்துக்குத் திரும்புவது வீணை வாத்தியத்துடன்தான். வீணைக்கு மரம் பலா. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு மதிப்பு அதிகம். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. கோயில் அருகே நின்று மணியோசை கேட்டு வளர்ந்த பலாவாயிருந்தால் நாதம் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க அழகாயிருக்கிறது. பலா மரத்துக்குக் காது உண்டோ என்னவோ, சொன்னவருக்கு நல்ல மனசு உண்டு.

* * *

சரித்திரம் உள்ள மரத்தில் வாத்தியம் செய்வது உலகத்தில் நமக்கு மட்டும் தெரிந்த வித்தை அல்ல. அமெரிக்காவில் அன்னபோலிஸ் என்ற ஊரில் சுமார் நானூறு வருஷத்து மரம் ஒன்று இருந்தது. சுதந்திரப் போருக்கு முன்னால் தேசபக்தர்கள் அதன் நிழலில் கூடிப் பேசினார்களாம். 1999-ல் புயலில் சிதைந்த அந்த மரத்தை வெட்டவேண்டி வந்தபோது, டெய்லர் என்ற கிதார் கம்பெனி அந்தக் கட்டையைக் கொண்டு 400 கிதார்கள் செய்தது. ஜப்பானில் 2011 மார்ச்சில் சுனாமி ரிக்குசென்தகாதா என்ற கடற்கரை ஊரை வாரிக்கொண்டு போயிற்று. சுமார் எழுபதாயிரம் பைன் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. நகசவா முனேயுகி என்ற கைவினைஞர் அலை ஒதுக்கிய வீட்டு மரங்களைப் பொறுக்கி, அவற்றில் பிடில் செய்தார். தப்பிப் பிழைத்த மரத்திலிருந்து கிடைத்த ஒரு துண்டை அதற்குள் நாதத் தூணாக வைத்தார். மறு ஆண்டு அதே தினத்தில் அதே ஊரில் அது வாசிக்கப்பட்டது. இத்தாலியில் மிலான் நகரத்துச் சிறையில், அகதிகள் கடல் தாண்டி வந்த உடைந்த படகுகளின் பலகைகளைக் கொண்டு கைதிகள் பிடில்கள் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் லா ஸ்காலா என்ற பிரசித்தி பெற்ற அரங்கில் அவை ஒலித்தன.

இவற்றைப் படிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். அங்கெல்லாம் மரத்தின் கதை முதலில். வாத்தியம் அந்தக் கதைக்காக. படகுப் பலகை நல்ல பிடிலாகுமா என்று யாரும் கேட்கவில்லை. நரசிங்கம்பேட்டையில் தலைகீழ். வாத்தியம் முதலில், அதற்கு உகந்த மரம் பழைய வீட்டில்தான் இருக்கிறது என்பதால் பழைய வீடு. அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு யார் யார் தாலாட்டுப் பாடினார்கள், யார் கல்யாணத்துக்கு அதில் வாழை கட்டினார்கள், எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒரு சீட்டுக்கூட அதனோடு வருவதில்லை. வெளிநாட்டார் ஒரு மரத்தின் கதையைச் சான்றிதழ் போட்டு விற்கிறார்கள். நமக்கோ நூற்றுக்கணக்கான வீடுகளின் கதை குழலுக்குள் புகுந்து, பெயரில்லாமல் மல்லாரியாக வெளியே வந்துகொண்டிருக்கிறது.

பழைய மரம் என்றால் நாதமே தனி என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். விஞ்ஞானிகள் அப்படி உடனே தலையாட்டுவதில்லை. 1971-ல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் புல்லாங்குழல்கள் செய்து வாசிக்கச் சொன்னார். கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் இன்னது இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை! ஊதுகுழலில் பாடுவது உள்ளேயிருக்கும் காற்று, சுவர் அல்ல. புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரியின் பிடில்கூட அப்படியொன்றும் கிழட்டு மரம் இல்லை. ஆக்ஸ்போர்டு காட்சிசாலையில் இருக்கும் ‘மெசையா’ பிடிலை அவர் செய்தது 1716-ல். அதன் முகப்புப் பலகையில் தெரியும் கடைசி வளையம் 1687-ஆம் ஆண்டுக்குரியது என்று மரவளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள். வெட்டிய பிறகு அந்த மரம் காத்திருந்தது மிஞ்சிப் போனால் 29 வருஷம். நம் உத்தரத்துக்கு முன்னால் அது பச்சைக் குழந்தை.

அப்படியானால் ஆச்சாரி சொல்வது மூடநம்பிக்கையா? இல்லை என்பதுதான் என் கட்சி. காற்றுதான் பாடுகிறது என்றால், அந்தக் காற்றுக்குக் கட்டிய வீடு கோணாமல் இருக்க வேண்டும். கூம்பு கூம்பாகவே இருக்க வேண்டும். அதற்குத்தான் கிழட்டு ஆச்சா. விஞ்ஞானி அளவுகோலால் சொல்வதை ஆச்சாரி அனுபவத்தால் சொல்கிறார்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஆச்சா சீக்கிரம் வளர்கிற மரமல்ல. வளர்ந்தாலும் அதை எழுபது வருஷம் தாங்கிப் பிடிக்க வீடு வேண்டும். இன்று இடிகிற வீடுகளில் ஆச்சா கிடைக்கிறது. இன்று எழும்புகிற வீடுகளிலோ தூண் சிமெண்டு, உத்தரம் சிமெண்டு, நிலை இரும்பு. இன்னும் நூறு வருஷம் கழித்து அவற்றை இடிக்கும்போது நரசிங்கம்பேட்டைக்காரர் வந்து எதைப் பொறுக்கிக்கொண்டு போவார், ஜல்லியையா? வீடு இடிவதால்தான் வாத்தியம் பிறக்கிறது. ஆனால் வீடெல்லாம் இடிந்து முடிந்தால் அதற்குப் பின் வாத்தியம் இல்லை. வினோதமான கணக்கு இது. இப்போது மரம் கொஞ்சம் தாராளமாகத் தெருவுக்கு வருகிறதே என்று நாம் சந்தோஷப்படுவது, விதை நெல்லைச் சமைத்துவிட்டு இந்த மாதம் சாப்பாடு பலம் என்பது போல.

புது ஆச்சாவை யந்திர அடுப்பில் வைத்துப் பக்குவமாக உலர்த்தினால் ஆகாதா? ஆகலாம். அதற்குச் சோதனை செய்ய வேண்டும், பத்துக் குழலாவது வீணாக வேண்டும், அந்த நஷ்டத்தை யாராவது ஏற்க வேண்டும். விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் ஊரில் இந்தத் தொழிலைச் செய்கின்றன. அவர்கள் தலையில் அந்தச் செலவைக் கட்டுவது நியாயமாகாது. குறியீட்டுப் பத்திரம் பெயரைக் காக்கும். மரத்தைக் கொண்டுவந்து போடாது.

திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்கு அருகே மரக்கடை என்றே ஓர் இடம் இருக்கிறது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு அரசியல் பொதுக்கூட்டந்தான் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் அங்கே யாராவது மரத்தைப் பற்றியும் பேசினால் தேவலை! ஊரில் இடிகிற வீடுகளிலிருந்து வரும் ஆச்சாவை மட்டும் தனியே பிரித்து ஒரு கொட்டகையில் அடுக்கி, ‘இன்ன தெரு, இத்தனை வருஷத்து வீடு’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். ஆச்சாரிக்கு அலைச்சல் மிச்சம். வாங்குகிற வித்வானுக்கும் தன் குழல் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

அதுவரைக்கும், இதைப் படிக்கிறவர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் கூடத்துத் தூண் கறுஞ்சிவப்பாக, இரும்பாக இருக்கிறதா என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள். இடிக்கிற நாள் வந்தால், விறகோடு விறகாக எடை போடாதீர்கள். தூண் பட்டறைக்கு வந்ததும் ஆச்சாரி முதலில் தேடுவது அதன் வயதையோ வேலைப்பாட்டையோ அல்ல; ஆணியைத்தான். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி துளைக்கம்பியை உடைக்கும், குழலையும் பாழாக்கும். ஆணி இருக்கும் இடம்வரை வெட்டித் தள்ளிவிடுவார். இரண்டு ஆணி நடுவே அடித்திருந்தால் பாரிக்கு நீளம் போதாமல் போய்விடும்.

காலண்டரைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.